ஐஸ் கழித்த எடை

காசிமேட்டில் நான் மீனைக் கையில் தூக்கினால் போதும்,
தராசு அப்புறம் வந்து ஆமாம் சொல்லும்.
இருபத்தோரு வருஷப் பழக்கம்.
வவ்வாலோ வஞ்சிரமோ, ஐஸில் எத்தனை நாள் கிடந்ததென்று
செவுளைப் புரட்டாமலே சொல்வேன்.

இவர்கள் என்னைத் தொடக்கூட இல்லை.
வளையத்துக்குள் படுக்கவைத்தார்கள்.
மூச்சை இழு, பிடி, விடு என்றது
ஊர் தெரியாத ஒரு பெண்குரல்.
மறுநாள் கம்ப்யூட்டரில் என் ஈரல்,
சாம்பல் நிறத்தில், நடுவில் ஒரு கோடு.
"மொத்தம் ஆயிரத்து இருபது கிராம்.
வலப்பக்கம் அறுநூற்று எண்பது, அவருக்கு.
முன்னூற்று நாற்பது உங்களுக்கு மிஞ்சும்"
என்றார் டாக்டர் நப்பின்னை.
விசைப்படகுப் பங்கைக்கூட
இவ்வளவு சுத்தமாக யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

அவர் எடை எழுபத்தொன்று காட்டியது.
டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை.
வயிற்றில் நிற்கிற தண்ணீர் ஒன்பது கிலோ, கழியுங்கள் என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஐஸோடு நிறுத்து விற்கிறவனை
நானும் இப்படித்தான் மடக்குவேன்:
தண்ணிக்கா துட்டு குடுக்கறேன்?

சிரிப்பு நின்றது அடுத்த அறையில்.
ஒரு தாள். ஒன்று முதல் இருபத்தைந்து வரை
வட்டம் வட்டமாகச் சிதறிக் கிடந்தது.
வரிசையாகக் கோடு போட்டு இணையுங்க, தேசப்பன்.

ஐஸ் பாக்டரியில் பார் கணக்கு எழுதியவர்.
எந்தப் படகுக்கு எத்தனை பார், யார் பாக்கி,
நோட்டைத் திறக்காமல் சொன்னவர்.
பதினாலு வரை பென்சில் போனது.
பதினைந்து, அவர் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.
தேடினார்.
என்னைப் பார்த்தார்.
நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.
பிறகு இரண்டு கையையும் நீட்டச் சொன்னார்கள்,
வண்டியை நிறுத்துகிற மாதிரி.
மணிக்கட்டோடு கை அறுந்து அறுந்து விழுந்தது,
பலகையில் போட்ட மீனின் வால்.

குடிக்காத ஆள். வார்டில் யார் கேட்டாலும் சொல்கிறேன்,
கேட்காவிட்டாலும்.
ரத்தத்தில் எப்போதோ புகுந்த கிருமி,
இத்தனை காலம் சத்தமில்லாமல் குடியிருந்திருக்கிறது.

எனக்குப் பச்சை மருந்து ஏற்றினார்கள்.
விரலில் ஒரு கிளிப்.
ரத்தத்தில் கலந்ததை ஈரல் பிடித்து வெளியே தள்ள வேண்டுமாம்.
பதினைந்து நிமிஷத்தில்
நூற்றுக்குப் பத்துக்கு மேல் மிஞ்சக் கூடாதாம்.
படுத்தபடி நினைத்துக்கொண்டேன்:
சொல்லாமல் அடகுக்குப் போன என் கம்மல்,
என் தம்பி செத்த அன்றைக்கும் லோடு ஏற்றப் போனது,
கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில்
அத்தனை பேர் முன்னால் கையை ஓங்கியது,
இதெல்லாம் எத்தனை நிமிஷத்தில் வெளியே போகும்?

"ஏழு. சூப்பர்க்கா" என்றான் டெக்னீஷியன் எபினேசர்.

பச்சைக்கு ஏழு.
மற்றதை அவன் கேட்கவில்லை.

குழு முன்னால் உட்காரவைத்தார்கள்.
யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?
இல்லை.
அப்போ ஏன் குடுக்கறீங்க?
அந்தத் தாளில் பதினைந்தைத் தேடிய விரல்
கண் முன்னால் வந்து நின்றது.
"ஈரக்குலை பதறுதும்மா" என்றேன்.
தட்டச்சு செய்தவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு
'கணவர் மீதுள்ள அன்பினால்' என்று அடித்தார்.
இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டேன்.

நேற்று விடியலில் கடைசியாகக் கடை விரித்தேன்.
கானாங்கெளுத்தி நாலு தட்டில் வைத்து,
ஒன்றை எடுத்து, சின்னதாக ஒன்று மாற்றி,
அறுநூற்று எண்பது வந்ததும் கையை விலக்கிவிட்டேன்.
இவ்வளவுதான்.
ஒரு வீட்டுக்கு ஒரு வேளைக் குழம்பு.

"இன்னாக்கா, தராசையே பாத்துக்கினு கீறே?
ஒரு கொசுறு போடு" என்றாள் தண்டையார்பேட்டைக்காரி.
போட்டேன்.
எண் தாண்டிப் போய்விட்டது.

மிச்ச மீனை ஐஸில் புதைத்துவிட்டு
ஈரக் கையோடு வலது விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்தேன்.
சேலைதான் நனைந்தது.